உள்ளே ஒருவர் மட்டும்

“உள்ள ஒருத்தர்தான் இருக்கணுமாம் ஷோபா. இனிமே நீயே போயிடறியா?”

“சரிங்க.”

“என்னால முடியல. இன்னா ஆச்சுன்னு பாத்தல்ல.”

“பார்த்தேன். நெத்தி வலிக்குதா?”

“நெத்தி கெடக்குது வுடு. உன்னால முடியுமா? நெஜமா சொல்லு.”

“நான் பார்த்துக்கிறேன். நீங்க டீயைக் குடிங்க, ஆறுது.”

அவ்வளவுதான் பேசினார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே, மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்த டீக்கடையில், நெற்றியில் பிளாஸ்திரியோடு கஜபதி நின்றிருந்தான். அன்று காலையில்தான் அவர்களுடைய ஐந்து வயது மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு முதுகுத்தண்டில் முதல் ஊசி. ரத்தப் புற்றுநோய்க்கு அதுவும் ஒரு வைத்தியம். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, இறால் மாதிரிச் சுருட்டி, அசையவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பாவைப் பிடிக்கச் சொன்னார்கள். ஆவடி ஃபாக்டரியில் கிரேன் ஓட்டி, லாரி லாரியாக இரும்பைத் தூக்கி இறக்குகிற ஆள். ஊசியைக் கண்ணால் பார்த்ததும் கால் மடங்கிவிட்டது. தள்ளுவண்டியின் விளிம்பில் நெற்றி இடித்துக் கீழே விழுந்தான். நர்சுகள் அவனைப் பார்ப்பதா குழந்தையைப் பார்ப்பதா என்று திண்டாடிப்போனார்கள். கடைசியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. குழந்தை இரண்டு தடவை குத்துப்பட்டாள். இரண்டாவது தடவை பிடித்தவள் ஷோபனா.

அவனுடைய அவமானத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அன்றைக்கு அவள் அப்படிச் சொன்னாள். ஒரு வேளைக்குச் சொன்ன வார்த்தை. மழைக்காலம் போய், பொங்கல் போய், குவார்ட்டர்ஸ் வேப்பமரங்கள் பூத்துக் கொட்டிய பிறகும் அது அவள் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு ஒரு பாஸ். நீலக் கயிற்றில் தொங்கும் மஞ்சள் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டியிருப்பவர்தான் உள்ளே இருக்கலாம், மற்றவர் வராந்தாவில். கஜபதி அதற்கு ஃபாக்டரிப் பேச்சிலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். “நீ ஃபர்ஸ்ட் ஷிப்ட், நான் செகண்ட் ஷிப்ட்.” ஊசி போடும்வரை ஷோபனா. போட்டு முடித்துக் குழந்தை ஒரு மணி நேரம் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டுமே, அப்போது கஜபதி. கதவுக்கு வெளியே அவள் பாஸைக் கழற்றி அவனிடம் கொடுப்பாள். அவன் மாட்டிக்கொண்டு, சிரித்த முகத்தை முன்கூட்டியே வரவழைத்துக்கொண்டு உள்ளே போவான். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் சிரிப்பு கேட்கும். அவன் ஃபாக்டரியில் செய்கிற ராணுவ டாங்க் ஒன்றைப் பற்றிய கதை சொல்லிக்கொண்டிருப்பான். அதற்குப் பள்ளம் என்றால் பயம், மூத்திரம் வந்துவிடும், அப்படிப்பட்ட டாங்க்.

ஷோபனா கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுப்பாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, வராந்தாவின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்பாள். வாந்தி எடுப்பது யாருக்கும் தெரியாது.

அவளுக்கு விருதுநகர்ப் பக்கம். கல்யாணமாகி ஆவடிக்கு வந்தவள். கஜபதி முத்தாபுதுப்பேட்டைக்காரன், பிறந்ததிலிருந்து ஃபாக்டரிச் சங்கு கேட்டு வளர்ந்தவன். மாடிக் குவார்ட்டர்ஸில் வீடு. குழந்தைக்கு இது என்று தெரிந்த பிறகு, ரத்த அணுக்கள் இறங்கும் நாட்களில் வெளியாட்கள் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஷோபனாவே ஒவ்வொரு வீடாகப் போய் எடுத்துச் சொன்னாள். எல்லாரும் நல்ல மனிதர்கள். சொன்ன சொல்லைத் தட்டவில்லை. பிறகு அணுக்கள் ஏறிய நாட்களிலும் யாரும் வரவில்லை. கதவுக் கொக்கியில் முருங்கைக்கீரையோ வேகவைத்த கடலையோ ஒரு பையில் தொங்கும். யார் வைத்தது என்று எட்டிப் பார்ப்பதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கிப் போய்விடும்.

சாயங்காலங்களில் தண்ணீர்த் தொட்டியடியில் குவார்ட்டர்ஸ் பெண்கள் கூடிப் பேசுவார்கள். முன்பு அவளும் அங்கே இருந்தவள்தான். இப்போது பால்கனியில் குழந்தையின் துணிகளைக் காயப்போடும்போது அண்ணாந்து பார்த்து ஒருத்தி கேட்பாள்.

“கொயந்த எப்டிக்கீது ஷோபனா?”

“பரவாயில்லைக்கா.”

“நீ தைரியசாலிம்மா. உன்னாட்டம் நம்மளால ஆவாதுப்பா.”

சொன்னவள் திரும்பிப் பேச்சைத் தொடர்வாள். ஷோபனா கிளிப்பைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவாள்.

ஊரிலிருந்து அக்கா சுசீலா தினமும் போனில் பேசுவாள். அவளும் அதையேதான் சொன்னாள். “மாப்பிள்ளை பாவம், இளகுன மனசு. நீ கல்லு மாதிரி நிக்கதனாலதான்டி அந்த வீடு ஓடுது.” ஒருநாள் ஷோபனாவுக்குத் தொண்டைவரைக்கும் வந்தது, ‘நான் கல்லு இல்லைக்கா’ என்று. அதற்குள் அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. “இரு வாரேன்” என்று அக்கா போனாள். திரும்பி வந்தபோது பேச்சு சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று.

“ரெண்டு கையையும் காட்டு.”

கிச்சு அப்படித்தான் கேட்பாள். கிருஷ்ணப்பிரியா வீட்டில் கிச்சு. ஷோபனா அறைக்குள் வரும்போதெல்லாம் குழந்தையின் கண் முதலில் போவது அம்மாவின் முகத்துக்கு அல்ல, கைகளுக்கு. மாத்திரை இருக்கிறதா, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு இருக்கிறதா, தெர்மாமீட்டர் இருக்கிறதா. ஒரு கையைக் காட்டினால் போதாது. முதுகுக்குப் பின்னால் மறைத்திருக்கலாம் என்று குழந்தைக்குத் தெரியும். ஒன்றிரண்டு தடவை ஷோபனா அப்படி மறைத்துக்கொண்டு வந்ததுண்டு.

இப்போது குழந்தை கேட்பதற்கு முன்னாலேயே, வாசற்படியைத் தாண்டும்போதே, ஷோபனாவின் இரண்டு உள்ளங்கைகளும் தாமாக விரிந்துவிடுகின்றன. பால்காரனிடம் பாக்கெட் வாங்கப் போனபோதுகூட ஒருநாள் அப்படி விரித்துக்கொண்டு நின்றாள். கஜபதி வந்தால் குழந்தை கையைப் பார்ப்பதில்லை. “நைனா” என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறாள். மருந்தால் உப்பிய முகத்தை அவன் வேட்டியில் புதைத்துக்கொள்கிறாள். முடியில்லாத அந்தச் சின்ன மண்டையை அவன் உள்ளங்கையால் மூடி, “இன்னா மேடம், டாங்க்குக்கு ஆயில் ஊத்தினியா?” என்று கேட்பான்.

அடுத்த ஊசிக்கு முந்தின நாள். அந்த வாரம் அவனுக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டான். வந்ததும் குளித்து, வெளித்துணியைத் தனி வாளியில் போட்டுவிட்டுத்தான் குழந்தையிடம் போகலாம். அதெல்லாம் ஷோபனா போட்ட சட்டம். ஒருநாளும் அவன் மீறியதில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதே ஃபாக்டரி விஷயமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

“தமிழரச தொடர்ந்து நைட் ஷிப்ட்லயே போட்டு வெச்சிருக்கானுங்க ஷோபா. கேட்டா அவன் வாயத் தொறக்கலியாம், அதனால அவனுக்கு ஓகேவாம். இன்னா நாயம் இது? ஒரே ஆள நைட்லயே போட்டா அவன் இன்னாத்துக்கு ஆவான்? நான் போய் சத்தம் போட்டேன். மாத்துறேன்னாங்க.”

“அவரே கேக்க வேண்டியதுதானே?”

“கூச்சப்படுறான். மொத வாரம் அவனேதான் ‘நான் பாக்கறேன்’னு சொல்லிகினானாம். இப்போ எப்டிப் போய் முடியாதுன்றதுன்னு கம்முனு கீறான், பைத்தியக்காரன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து.”

ஷோபனா ரசம் ஊற்றினாள். கரண்டி தட்டில் இடித்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்து அப்பனும் மகளும் ஹாலில் விளையாட உட்கார்ந்தார்கள். பொம்மைக்கு வைத்தியம் பார்க்கும் விளையாட்டு. ஷோபனா சமையலறையில் குழந்தையின் டம்ளர்களைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் டாக்டர். நீ அம்மா” என்றாள் கிச்சு.

“நான் எப்டி அம்மாவாவேன்? எனக்கு மீச கீதே.”

“பரவால்ல. நீ அம்மா. நீ பொம்மைய அமுக்கிக்கோ.”

“இன்னாத்துக்கு அமுக்கணும்?”

“அம்மான்னா அமுக்கணும் நைனா. பொம்மை அழும். நீ வுடவே கூடாது.”

“சரி, அப்போ நைனா யாரு?”

“நைனா வெளிய இருப்பாரு. அப்பறம் வருவாரு.”

கஜபதி ஏதோ சொல்லிச் சிரித்தான். சமையலறையில் ஷோபனா இடுக்கியால் பிடித்திருந்த டம்ளரை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அழவில்லை. அழுகை வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. குழந்தை பொய் சொல்லவில்லை, கோபத்தில் சொல்லவில்லை. ஃபேன் சுற்றும், பால் பொங்கும் என்பதுபோல, தான் பார்த்ததைச் சொன்னாள். இந்த வைத்தியம் இன்னும் ரொம்ப நாள் போகும். குழந்தை பிழைத்துக்கொள்வாள், இந்த வகை நோய் நன்றாகக் குணமாகும் என்று டாக்டர் தெம்பாகத்தான் பேசுகிறார். பிழைத்து, முடி வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், பெரியவளாவாள். அப்போதும் அம்மா உள்ளே வந்தால் அவள் கண் முதலில் கைக்குத்தான் போகுமா? நோய் போனாலும் இது போகாதோ?

‘நாளைக்கு நீங்க பிடிச்சுக்கோங்க.’ மூன்று வார்த்தைதான். கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் என்ன நடக்கும்? அவன் மறுக்கமாட்டான். அதுதான் பயம். போவான், மறுபடி விழுவான், மறுபடி குழந்தைக்கு இரண்டு குத்து. அந்த இரண்டாவது குத்தின் பாவம் அப்புறம் யாருடையது? தன் மனசு ஆறுவதற்காகக் குழந்தையின் முதுகைப் பணயம் வைப்பதா? ஒவ்வொரு தடவையும் கணக்கு இந்த இடத்தில் வந்து நின்றுவிடும். அவள் வாயை மூடிக்கொள்வாள்.

அவள் குளிக்கப் போனாள். தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு கஜபதியின் குரல், வழக்கத்தைவிடத் தணிந்து.

“ஒன்னியும் இல்ல கிச்சு. குனி. இப்டி முன்னாடி குனி. வாயால மூச்சு வுடு.”

ஷோபனா ஈரத்தலையோடு புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். வாசற்படியில் நின்றுவிட்டாள்.

குழந்தைக்கு மூக்கிலிருந்து ரத்தம். கஜபதியின் வெள்ளை பனியனில் மார்பு முழுக்கச் சிவப்பு. குழந்தையை மடியில் முன்பக்கமாகச் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடியே. அந்தக் கை ஆடவில்லை.

“டாங்க் இப்போ பள்ளத்துல எறங்குது. ஃபர்ஸ்ட் கியர். மூச்சு வுடு. டிரைவர் இன்னா பண்றாரு?”

“பயப்படறாரு” என்றாள் குழந்தை, அடைத்த மூக்கோடு.

“பயப்பட்டாலும் ஸ்டியரிங்க வுடமாட்டாரு. செகண்ட் கியர். இன்னும் கொஞ்சம் மூச்சு வுடு.”

குழந்தை அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். அமுக்கிப் பிடித்திருக்கிறான், வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் விலகவில்லை. ஷோபனா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும், அவன் எழுந்து இடம் விட்டுவிடுவான், குழந்தையை அவளிடம் கொடுத்துவிடுவான். அவள் எட்டு எடுத்து வைக்கவில்லை.

ரத்தம் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். நின்றுவிட்டதல்லவா, பயப்பட வேண்டாம், வெயிலுக்கு மூக்கு வறண்டிருக்கும், காலையில் ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசி என்றார்கள். குழந்தையின் முகத்தைத் துடைத்துத் தூங்கவைத்த பிறகு, கஜபதி பால்கனிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டான். ஷோபனா தண்ணீர் கொண்டுபோனாள். சொம்பு அவன் கையில் கடகடவென்று ஆடியது.

“அப்போ நடுங்கலையே” என்றாள்.

“எப்போ?”

“மூக்கைப் பிடிச்சிருந்தீங்களே, அப்போ.”

அவன் யோசித்தான். “நீ இல்லியே ஷோபா. நீ குளிச்சிகினு இருந்தே. நான் வுட்டா வேற யாரு பாப்பாங்க?” கொஞ்சம் தண்ணீர் குடித்தான். “நீ இருந்தா எனக்கு ஒரு தெம்பு. நீ பாத்துப்பேன்னு கையி தானா அவுந்துடும். அது இன்னாவோ.”

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்றே தெரியாமல், பனியனைக் கழற்றி வாளியில் போடப் போனான். அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தொட்டியடியில் பெண்கள் எதற்கோ சத்தமாகச் சிரித்தார்கள்.

காலையில் டாக்சி பிடித்துக் கிளம்பினார்கள். திருமுல்லைவாயில் தாண்டி, அம்பத்தூர் எஸ்டேட் நெரிசலில் நின்று நின்று வண்டி போயிற்று. குழந்தை மாஸ்க்கோடு நடுவில் உட்கார்ந்து அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. டிபன்பாக்ஸும் பேச்சும் சிரிப்புமாகக் கும்பல் கும்பலாகப் போனவர்களை ஷோபனா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இப்போது கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள். குழந்தை எட்டி அப்பாவின் காதில் ரகசியம் சொன்னாள். ஐந்து வயது ரகசியம், டிரைவருக்கே கேட்டிருக்கும்.

“இன்னிக்கு அம்மா வரவேணாம்னு சொல்லு நைனா.”

கஜபதி சங்கடத்தோடு மனைவியைப் பார்த்தான். “அப்டியெல்லாம் சொல்லக்கூடாது கிச்சு. அம்மா பாவம்ல.”

ஷோபனா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிரைவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தது. ஊசி போட்டுவிடலாம் என்றார்கள். வராந்தாவில் வழக்கமான நாற்காலிகள். பூந்தமல்லியிலிருந்து வரும் ரேஷ்மா அவர்களுக்கு முன்பே வந்திருந்தாள். அவளுடைய மகனுக்கும் இதே வைத்தியம்தான். வழக்கமாக அவள்தான் பையனோடு உள்ளே போவாள். இன்றைக்கு அவள் கழுத்தில் பாஸ் இல்லை.

“உங்க வீட்டுக்காரரா உள்ள இருக்காரு?” என்றாள் ஷோபனா.

“ஆமாக்கா. ரெண்டு தடவையா அவருதான். நான் சொல்லிட்டேன், என் புள்ள என்னைப் பார்த்தா வீல்னு கத்துறான், நான் இன்னா வில்லியா, நீங்களும் கொஞ்சம் கத்தல் வாங்குங்கன்னு.” ரேஷ்மா சிரித்தாள். “மொத தடவ வீட்டுக்கு வந்து அப்படி அழுதாருக்கா. நான் போய்ப் பிரியாணி வாங்கிட்டு வந்தேன்.”

கதவு திறந்தது. ரேஷ்மாவின் கணவன் முகமது ஆசிக் வெளுத்த முகத்தோடு வெளியே வந்து சுவரில் சாய்ந்தான். சட்டை நனைந்திருந்தது.

“கண்ண மூடிட்டே புடிச்சீங்களா?” என்றாள் ரேஷ்மா.

“மூடல.”

“பொய் சொல்லாதீங்க.”

“ஒரு கண்ணுதான் மூடினேன். போ, உன்னத்தான் கேக்குறான்.”

அவன் பாஸைக் கழற்றி அவளிடம் நீட்டினான். ரேஷ்மா மாட்டிக்கொண்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கதவு மூடுவதற்குள் பையனின் குரல் ஒரு கணம் கேட்டது. அம்மா, அம்மா என்று. அது பயந்த குரல் அல்ல.

ஷோபனா தன் கைகளைப் பார்த்தாள். பாத்திரம் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து விரல் நுனியெல்லாம் தோலுரிந்திருந்தது. அவை மடியில் மல்லாந்து, விரிந்து கிடந்தன. இங்கே அவற்றைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பக்கத்தில் கஜபதி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டாங்க் கதையின் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். நேற்று அவன் பனியனில் இருந்த ரத்தம் அவளுக்கு நினைவு வந்தது. ஆடாத அந்த இரண்டு விரல்களும். தான் வாசற்படியிலேயே நின்றதும். அந்த நேரம் முழுக்க அவள் செய்த ஒரே காரியம் உள்ளே வராமல் இருந்ததுதான். குழந்தைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. இத்தனை மாதமும், அவன் விழுந்துவிடுவான் என்று ஓடி ஓடித் தாங்கியதில், அவனை நிற்கவே விடவில்லையோ? அவனும், ‘நீ பாத்துப்பே’ என்று நம்பி நம்பியே அவளை அந்தக் கதவுக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டானோ? வேண்டுமென்றா செய்தான்? அவனும் பாவம். கேட்டால்தானே தெரியும் அவனுக்கு. வாயைத் திறக்காத தமிழரசைப் பைத்தியக்காரன் என்று திட்டியவன்தானே.

ஆக்னஸ் சிஸ்டர் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார். “கிருஷ்ணப்பிரியா. வாங்கம்மா, ரெடி.”

குழந்தையின் உடம்பு விறைத்தது. அப்பாவின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கண் மட்டும் திரும்பி, அம்மாவின் கைகளைப் பார்த்தது.

கஜபதி வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்தான். வழக்கம்போல எக்கி, அவள் பின்னலை ஒரு கையால் விலக்கி, நீலக் கயிற்றை அவள் கழுத்தில் மாட்டினான். எப்போதும் அவன்தான் மாட்டிவிடுவான். ஆரம்பத்தில் அந்த விரல்கள் பின்கழுத்தில் படும்போது அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

“போய்ட்டு வா ஷோபா” என்றான். “நான் இங்கதான் கீறேன்.”

அவள் எழுந்தாள். குழந்தையை வாங்கக் கை நீட்டவில்லை. கழுத்திலிருந்த கயிற்றைத் தலைவழியே கழற்றினாள். அது பின்னலில் சிக்கிக்கொண்டது. இழுத்ததில் இரண்டு மூன்று முடி கூடவே வந்தது.

“இன்னாச்சு? கயிறு அறுந்துடுச்சா?”

“இல்லைங்க.”

“சிஸ்டர் கூப்டுறாங்க ஷோபா.”

“தெரியும்.” அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. சுவரோரம் ஆசிக் தன் செல்போனை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆக்னஸ் சிஸ்டர் கதவைப் பிடித்தபடி நின்றார். அவசரப்படுத்தவில்லை. “தமிழரசு அண்ணனுக்காக நேத்து போய்ச் சத்தம் போட்டீங்கல்ல?”

“அதுக்கு இன்னா இப்போ?”

“எனக்காக யாருங்க சத்தம் போடுவா?”

கஜபதி அவளைப் பார்த்தான். முதலில் அவள் கையிலிருந்த பாஸை, பிறகு முகத்தை. அவன் நெற்றியில் தள்ளுவண்டி இடித்த தழும்பு வெளுத்துத் தெரிந்தது. அதற்குக் கீழே, நேற்று மாலை பால்கனியில் தண்ணீர் குடித்தபோது இருந்த அதே கண்கள். புரியத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. புரிந்தது போதும், மிச்சத்தை அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட இப்போதும் வழியிருந்தது. அவள் விடவில்லை. இத்தனை நாள் அப்படி விட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறாள்.

பாஸை அவன் பக்கம் நீட்டினாள்.

“ஷிப்ட்டை மாத்துங்க. இன்னைக்கு நீங்க உள்ள போய் அவளைப் பிடிச்சுக்கோங்க. எனக்குப் பயமா இருக்கு, முதல் நாள்லேருந்தே பயமாத்தான் இருந்தது. எல்லாம் முடிஞ்சதும் வந்து என்னைக் கூப்பிடுங்க. நான் வெறுங்கையோட அவகிட்ட வரணும்.”